பீடிகையில் தெரிந்ததும் திரையில் தெரிவதும்

மனிதர் தம் புலன்களால் அறிவது வானிலையை மட்டுமே. காலநிலையை எவரும் கண்ணால் கண்டதில்லை. ஒரு பகலின் வெயிலும் ஓர் இரவின் மழையும் ஒரு பருவத்தின் காற்றும் உடலில் பட்டு உணரப்படுபவை. அவற்றை ஏறத்தாழ 30 ஆண்டு அளவுக்குத் தொகுத்துச் சராசரி கண்டு பெறும் கணக்கே இன்றைய அறிவியல் வழக்கில் காலநிலை எனப்படுகிறது. ஆகவே, காலநிலை மாறிவிட்டது என்று சொல்பவர், கண்டவை பலவற்றிலிருந்து காணாத ஒன்றை உய்த்துணர்ந்தே சொல்கிறார். இன்றைய மாற்றத்துக்கே இது பொருந்துமாயின், ஆயிரம், பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் மலைகளில் வாழ்ந்த குடிகள் தம்மேல் வந்த வறட்சியையும் குளிரையும் எவ்வாறு அனுபவித்தனர் என்ற வினா இன்னும் கடினமாகிறது. அங்கு மாற்றமும் மறைந்தது, அதனை அனுபவித்தவரும் மறைந்தனர். இவ்விரு மறைவுகளையும் நீக்கிக் காட்டவல்லது என்று சென்ற நூற்றாண்டு நம்பிய கருவி திரைப்படம். அந்த நம்பிக்கை எவ்வளவு தகும் என்பது கலை விமரிசகரின் வினாவாகத் தோன்றினாலும், அடிப்படையில் அது அளவையியலின் வினா, அதாவது எதனை எந்த வழியால் அறிகிறோம், அவ்வழி நம்பத்தக்கதா என்று ஆராயும் துறையின் வினா. தமிழில் அத்துறையை விரிவாகப் பேசும் பழங்காப்பியமாகிய மணிமேகலை, கடல் நடுவே கிடக்கும் ஒரு சிறு தீவில் வைத்துத் தன் தலைவிக்குச் சென்ற பிறப்பைக் காட்டுகிறது என்பதை இவ்வினாவோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

மணிபல்லவம் என்று காப்பியம் கூறும் அத்தீவு, புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறிச் சென்றடையும் நயினாதீவே என்று ஈழத்து அறிஞர் பலர் கொள்வர். நாகதீபம் என்ற பழம்பெயரும், நாகபூசணி அம்மன் கோயிலும், நாகவிகாரையும் ஒரே சிறு நிலத்தில் அருகருகே இருப்பது அக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. எனினும், வல்லிபுரப் பொன்னேட்டில் வரும் அதே பெயர் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் சுட்டியிருக்கக்கூடும் ஆதலின், காப்பியத்தின் தீவை ஒரு நிலத்துண்டில் ஆணியடித்து நிறுத்திவிடுவது எளிதன்று. மகாவம்சம் மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் ஒரு மணியாசனத்துக்காகப் போரிட்டதையும், புத்தர் நாகதீபத்துக்கு வந்து அப்போரைத் தணித்ததையும் சொல்கிறது. மணிமேகலையும் இரு நாக அரசர் எடுக்கமாட்டாது பொருத ஓர் ஆசனத்தைப் பற்றிப் பேசுகிறது. சைவரும் பௌத்தரும் தத்தம் வழியில் உரிமை பாராட்டும் ஒரு தீவுக்குப் போர் தணித்த ஆசனத்தின் கதை வாய்த்திருப்பதில் உள்ள நகைமுரணை அண்மைக்கால வரலாறு அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆசனமே புத்த பீடிகை. உறக்கத்தில் மணிமேகலா தெய்வத்தால் எடுத்துவரப்பட்டு, அறியாத மணற்கரையில் விழித்தெழுந்த மணிமேகலை, பீடிகையைக் கண்டதும் தன் முற்பிறப்பை உணர்கிறாள். அப்பிறப்பில் இலக்குமி என்னும் பெயரோடு இராகுலன் மனைவியாக இருந்ததும், நாகத்தின் நஞ்சால் அவன் இறந்ததும் அவளுக்குப் புலனாகின்றன. பின்னர் அங்கு தோன்றும் தீவதிலகை என்னும் காவல் தெய்வம், அண்மையிலுள்ள இரத்தினத் தீவத்தில் உயர்ந்த சமந்த மலையின் உச்சியில் புத்தரின் அடிச்சுவடு உண்டு என்று அவளுக்குச் சொல்கிறது. பௌத்தர் சிறீபாதம் என்றும், சைவர் சிவனொளிபாதம் என்றும் வழங்கும் மலை அது. எங்கும் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் சுண்ணக்கல் தீவிலிருந்து ஈழத்தின் பெருமலையைச் சுட்டிக்காட்டும் இந்த ஒரு குறிப்பு, தீவையும் மலையையும் ஒரே பார்வைக் கோட்டில் நிறுத்துகிறது. மலைக்குடிகளின் சென்றகாலத்தை நயினாதீவிலிருந்து நோக்குவதற்கு அதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

பீடிகை திரையைப் போன்றது என்று சொல்லிவிடுவது எளிது. காப்பியமே அந்த எளிமையை மறுக்கிறது. அதன் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையைக் கற்பிக்கும்போது, அறிவுக்கு வழிகள் இரண்டே என்கிறார். ஒன்று காட்சி, மற்றொன்று கருத்தளவு, அதாவது புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்ற உய்த்துணர்வு. பௌத்த அளவையியலாளர் திக்நாகரின் மரபைத் தழுவிய இக்கொள்கையில் காட்சி என்பது மிகக் குறுகிய பொருளுடையது: புலனும் பொருளும் கூடிய அக்கணத்து வெற்றுணர்வே காட்சி, பெயர், இனம், பண்பு, தொழில் ஆகிய நான்கும் அதில் சேரா. கண் காண்பது ஒரு நிறத்தை. அதனை மேகம் என்பதும், கார்மேகம் என்பதும், பெய்யும் என்பதும் மனம் பின்னர்ச் சேர்ப்பவை. இந்த வரையறைக்கு நிழற்படக் கருவியின் கண்ணாடி வில்லையைப் போலப் பொருந்தும் எடுத்துக்காட்டு வேறில்லை. வில்லை ஒளியைப் பதிக்கிறது, பெயரைப் பதிப்பதில்லை. பொருள்கள் கணந்தோறும் தோன்றி அழிகின்றன, தொடர்ச்சி என்பது விளக்குச் சுடரில் தெரியும் தோற்றம் போன்றதே என்னும் கணபங்கவாதமும் திரைப்படத்தின் இயல்போடு வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகிறது. நொடிக்கு 24 அசையாப் படங்கள் அடுத்தடுத்து விழ, அசைவு என்பது பார்ப்பவர் மனத்தில் நிகழ்கிறது. பிரெஞ்சு மெய்யியலாளர் ஆன்றி பேர்க்சன் 1907இல், மனித அறிவு ஓடும் காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டுவதைக் கடிந்துரைக்கத் திரைப்படக் கருவியையே உவமையாக எடுத்தார். சௌத்திராந்திகர் என்னும் பௌத்தப் பிரிவினர் அவர் முன் இருந்திருந்தால், குறை என்று அவர் சொன்னதையே உலகின் இயல்பு என்று வாதிட்டிருப்பர்.

இந்தப் பொருளில் சென்றகாலக் காலநிலை திரைக்கு எட்டாதது. அதற்குக் காட்சி இல்லை, இருப்பதெல்லாம் கருத்தளவு. இலங்கையின் மத்திய மலைநாட்டில் 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியின் சதுப்புகளில் முற்றாக மட்காத தாவரச் சிதைவுகள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. முற்றா நிலக்கரி எனப்படும் அப்படிவுகளில் சிக்கிய மகரந்தத் துகள்களை ஆராய்ந்து பிரேமதிலக்கவும் ரிஸ்பேர்க்கும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 24,000 ஆண்டு வரலாற்றை அங்கு வாசித்தது. கடைசிப் பனியூழியின் உச்சத்தில் தென்மேற்குப் பருவக்காற்று நலிந்து மலைமுகடுகள் வறண்டிருந்ததையும், பின்னர்ப் படிப்படியாக மழை வலுத்ததையும் அது காட்டியது. வாற்கோதுமை, ஓட்ஸ் இனப் புற்களின் மகரந்தம் கிடைத்ததை மனிதக் கை பட்டதன் குறியாகவும் கொண்டது. நீலகிரியின் சதுப்புகளிலும் இத்தகைய ஆய்வுகள் நடந்தன. 1993இல் வெளியான ஒன்று, அங்கு படிந்த கரிமத்தின் இரு வகைகளுக்கு இடையிலான விகிதத்தைக் கொண்டு, ஈரம் விரும்பும் தாவரங்களும் வறட்சி தாங்கும் புற்களும் மாறி மாறி அம்மலையை ஆண்டதை நிறுவியது. இவை அரிய அறிவுகள். ஆயினும், மகரந்தத் துகள் மழையின் அளவைச் சொல்லும். மழை பொய்த்த ஆண்டில் குகைவாயிலில் அமர்ந்து வானத்தைப் பார்த்த, பலாங்கொடை மனிதர் எனப்படும் இலங்கையின் கற்கால மக்கள் அதற்கு என்ன பெயர் இட்டனர், யாரை நொந்தனர், எந்தப் பக்கம் இறங்கிச் சென்றனர் என்பதைச் சொல்லாது.

இந்த வெற்றிடத்தை நடிப்பால் நிரப்புவதே வரலாற்றுத் திரைப்படத்தின் வழி. கருத்தளவால் பெற்ற ஒன்றுக்கு அது காட்சியின் ஆடையை உடுத்துகிறது. பார்ப்பவரோ ஆடையை உடல் என்று கொண்டுவிடுகின்றனர். ரொபேட் ஃபிளாகர்ட்டி 1934இல் வெளியிட்ட ‘மேன் ஒஃப் அரன்’ என்னும் படம் இதற்குப் பெயர்போன சான்று. அயர்லாந்தின் மேற்கே பாறைத் தீவுகளில் வாழ்ந்தோரின் கடும் வாழ்வைக் காட்டும் அப்படத்தில் இடம்பெறும் சுறா வேட்டை, அத்தீவினர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கைவிட்ட தொழில். படத்துக்காக அவர்கள் அதனைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. திரையில் ஒரு குடும்பமாகத் தோன்றுவோரும் உண்மையில் ஒரு குடும்பத்தினர் அல்லர். ஃபிளாகர்ட்டி பொய் சொன்னார் என்று தீர்ப்பளிப்பது மிகை. பாட்டன்மார் செய்ததைப் பேரன்மார் தம் உடலால் மீண்டும் செய்துபார்ப்பதில் ஓர் உண்மை உண்டு; அதுவும் ஒருவகைப் பிறப்புணர்வே. ஆனால், அந்த உண்மை காட்சியின் உண்மை அன்று என்பதைப் படம் தன் வாயால் சொல்வதில்லை.

தமிழில் இம்முயற்சிக்கு மிக நெருங்கிய படம் ம. செந்தமிழன் இயக்கி 2011இல் வெளியான ‘பாலை’. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் முல்லைக்குடி என்னும் சிற்றூரார், ஆயக்குடியைக் கைக்கொண்ட வந்தேறிகளோடு பொருதும் கதையை, வரவிருக்கும் வறட்சியின் நிழலில் வைத்துச் சொல்லும் அப்படம், சிறு முதலீட்டில் எடுக்கப்பட்டது. போர்க்காட்சிகளிலும் ஒப்பனையிலும் அதன் வறுமை தெரியும். அதன் சிறப்பு தலைப்பில் இருக்கிறது. தமிழ்ப் பொருளிலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கொண்டு, மற்ற எல்லாவற்றையும், மக்களையும் தெய்வத்தையும் உணர்ச்சியையும் கூட, அவற்றுக்குப் பின்னரே வைக்கிறது. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். பாலைக்கோ தொல்காப்பியம் தனி நிலம் வகுக்கவில்லை. இளங்கோவடிகள் காடுகாண் காதையில் அதற்கு விளக்கம் தருகிறார்: முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து, வளம் இழந்து, துன்பம் தரும் நிலையை எய்தும்போது அவையே பாலை என்னும் வடிவத்தைக் கொள்கின்றன. பாலை என்பது மலைக்கு நேரும் ஒரு நிலை. கோடையில் ஆண்டுதோறும் நேர்ந்து மீளும் மாற்றத்தையே இக்கூற்று முதலில் குறித்தது என்பது மெய். பனியூழிகளின் கணக்கை அதனுள் தேடுவது பேதைமை. ஆனால், நிலம் தன் இயல்பில் நிலைத்திருப்பதன்று, திரியக்கூடியது என்ற எண்ணமும், அத்திரிபைக் குறிக்க ஒரு சொல்லும், அச்சொல்லுக்குரிய உணர்ச்சி பிரிவே என்ற தெளிவும் இம்மொழியில் முன்பே இருந்தன. மலை வறண்டால் ஊர் பிரியும், காதலர் பிரிவர், வழிப்பறி பெருகும். மகரந்தத் துகள் சொல்லாத அந்த அனுபவத்தைத் திணைப்பெயர் ஒன்று சேமித்து வைத்திருக்கிறது.

இங்கு மூன்றாம் அளவை ஒன்று தேவைப்படுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அளவைகளை ஆறாகவும் பத்தாகவும் விரிப்போர் உண்டு எனினும் அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது. உரை என்பது நம்பத்தக்கவர் வாய்மொழி. சித்தாந்தத்தில் அது முதன்மையாக ஆகமத்தைக் குறித்தது. சித்தியாரின் பரபக்கம், பிற சமயங்களை மறுக்கும் பகுதி, கணபங்கவாதத்தையும் மறுக்கிறது. எல்லாம் கணத்தில் அழியுமாயின் நேற்றைய அனுபவத்தை இன்று நினைப்பவர் யார் என்பதே அவ்வாதத்துக்கு எதிராகச் சைவர் நெடுங்காலம் எழுப்பிவந்த வினா. யாழ்ப்பாணத்துச் சைவ மடங்களும் பாடசாலைகளும் தலைமுறைகளாகப் பயின்ற இந்நூலின் மூன்றாம் அளவையை ஆகமத்துக்கு அப்பாலும் விரித்துக்கொள்ள இடமுண்டு. சென்றகாலக் குடிகளின் காலநிலை அனுபவம் நம்மை வந்தடைவது உரையாகவே: ஒரு நேர்த்தியாக, ஒரு கட்டளையாக, ஒரு காற்றின் பெயராக. அதனைக் கேட்காத திரைப்படம் எத்துணைத் திறமையாக எடுக்கப்பட்டாலும் வெறும் நிலக்காட்சியாகவே நின்றுவிடுகிறது.

சுவிற்சர்லாந்தின் ஃபீஷ், ஃபீஷர்டால் என்னும் மலையூர்களின் நேர்த்தி இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. ஐரோப்பா ‘சிறு பனியூழி’ என்று வரலாற்றாசிரியர் அழைக்கும் நீண்ட குளிரில் இருந்த காலத்தில், அல்ப்ஸ் மலைத்தொடரின் மிகப் பெரிய பனியாறாகிய அலெட்ஷ் கீழ்நோக்கி வளர்ந்து, அதன் ஓரத்து ஏரி உடைத்துப் பெருக்கெடுத்து ஊரை அழித்தபோது, 1678இல் அவ்வூரார் நல்லொழுக்கத்தோடு வாழ்வதாகவும் பனியாறு வளராதிருக்கப் பிரார்த்திப்பதாகவும் நேர்ந்துகொண்டனர். 1862இல் அதற்கென ஆண்டு ஊர்வலமும் தொடங்கியது. அதன்பின் பனியாறு பின்வாங்கத் தொடங்கியது. 3 கிலோமீற்றர் அளவுக்குப் பின்வாங்கிய பின்னரும் மக்கள் பழைய நேர்த்தியின்படி அது வளராதிருக்க வேண்டும் என்றே வேண்டிக்கொண்டிருந்தனர். இறுதியில் பாப்பரசரின் அனுமதியை நாடி, 2010இல் அதனைப் பெற்று, பனியாறு குன்றாதிருக்க வேண்டும் என்று பிரார்த்தனையைத் திருப்பிக்கொண்டனர். ஒரு மலைக்குடி முந்நூறு ஆண்டுக் காலநிலை மாற்றத்தைத் தன் சொல்லிலேயே பதிந்துவைத்த செய்தி இது. ‘சேசிங் ஐஸ்’ என்னும் 2012ஆம் ஆண்டுப் படம், பல ஆண்டுகள் பொருத்திவைத்த கருவிகளால் எடுத்த படங்களைச் சில நொடிகளாகச் சுருக்கி, பனியாறுகள் கரைந்து பின்வாங்குவதைக் கண்முன் நிறுத்துகிறது; மெதுவாக நிகழ்வதைக் காட்சியாக்குவதில் அதற்கு நிகரான படம் அரிது. ஆயினும், பனியாறு தம்மை நோக்கி வருகிறது என்று அஞ்சிய மக்களின் பேரர் அது தம்மை விட்டுப் போகிறது என்று அஞ்சும் அந்தத் திருப்பத்தை, வேண்டுதலின் வாசகம் மாறியதைக் கேட்டால் அன்றி, எந்தச் சுருக்கப்படமும் காட்டாது.

அதே 1678இல் ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டி அரசின் மலைகளில் சிறைப்பட்டிருந்தார். 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பிய அவர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலில், மலையின் ஒரு புறம் மழை கொட்ட மறுபுறம் வறண்டிருக்கும் பருவக்காற்றின் விந்தையைக் குறித்துவைத்தார். அந்நூலின் வாசகம் இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் திரையில் ஒலித்தது. பஸில் ரைட் இயக்கி 1934இல் முடித்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் ஆவணப்படம், சிறீபாத மலைக்கு அடியார் ஏறுவதில் தொடங்குகிறது. படத்தின் விளக்கவுரை நொக்ஸின் நூலிலிருந்து எடுக்கப்பட, அதனைப் படித்தவர் கொழும்பின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் லயனல் வெண்ட். நிகழ்காலப் படத்தின் மேல் இறந்தகாலச் சொல்லைப் படரவிட்ட இவ்வமைப்பு, காட்சிக்கு உரையைத் துணைசேர்க்கும் வழியைத் திரைக்கலை மிக முன்பே கண்டுகொண்டதைக் காட்டுகிறது. ஆயினும், யாருடைய உரை என்ற வினா எஞ்சுகிறது. அது சிறைப்பட்ட ஓர் அயலாரின் உரை. படத்துக்குப் பணம் தந்ததோ இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை.

அந்தத் தேயிலை மலைகளில் வாழ்ந்த குடிகளே காலநிலையால் மலையேறியவர்கள். பருவமழை பொய்த்து 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும் பஞ்சம், பசிபிக் கடலின் வெப்ப மாறுபாட்டோடு தொடர்புடையது என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. கோப்பித் தோட்டங்களை நாடி ஏற்கெனவே தொடங்கியிருந்த குடிபெயர்வை அப்பஞ்சம் பெருக்கிற்று. கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக மாத்தளைப் பக்கம் நடந்தவர்களில் வழியில் மடிந்தவர் பலர். இளங்கோ சொன்ன பாலை இங்கு தலைகீழாக நடந்தது. சமவெளி பாலையாக, மக்கள் குறிஞ்சியை நோக்கிப் பிரிந்தனர். ‘சோங் ஒஃப் சிலோனில்’ தேயிலைச் செடியும் அதைக் கொய்யும் கையும் வருகின்றன, சந்தை விலை கூறும் குரல்கள் வருகின்றன. அக்கைகள் அம்மலைக்கு வந்த கதை வரவில்லை. அப்பஞ்சத்தை நிழற்படமாக எடுத்த வில்லபி ஹூப்பர் என்னும் படை அதிகாரி, எலும்பும் தோலுமான மக்களைக் குழுக்களாக அமர்த்தி எடுத்த படங்கள் இன்றும் பார்ப்பவரைக் கலங்கவைக்கின்றன. அவற்றில் காட்சி முழுமையானது. அமர்ந்திருப்பவரின் பெயர் ஒன்றும் இல்லை. பெயர், இனம், பண்பு, தொழில் நான்கும் நீங்கிய அறிவே தூய காட்சி என்ற அளவை இலக்கணம் இங்கு ஓர் அறக்கேடாகத் தோன்றுகிறது.

நயினாதீவின் பக்கம் திரும்பினால், உரையாகப் பதிந்த காலநிலை கல்லில் கிடைக்கிறது. முதலாம் பராக்கிரமபாகு பன்னிரண்டாம் நூற்றாண்டில் தமிழில் பொறித்த கட்டளை அத்தீவில் உள்ளது. ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகரைக் காப்பது பற்றிப் பேசும் அது, யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் ஆக வேண்டும் என்றும், பிற சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் செம்பாதியாகப் பிரிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. கலம் உடைவது விலக்காக அன்றி வழக்கமாக எதிர்பார்க்கப்பட்டதை இந்தப் பங்கீட்டுக் கணக்கே உணர்த்தும். மணிமேகலையிலும் இக்கடலில் கலங்கள் உடைகின்றன. நாகநாட்டு இளவரசி பீலிவளை, சோழன் நெடுமுடிக்கிள்ளிக்குப் பெற்ற மகவை மணிபல்லவத்தில் வைத்துக் கம்பளச் செட்டி என்னும் வணிகனிடம் ஒப்படைக்க, அவன் கலம் அன்றிரவே உடைகிறது. மகனை இழந்த அரசன் கடற்கரையெங்கும் தேடி அலைந்து இந்திரவிழாவை மறக்கிறான். விழா மறந்த புகாரைக் கடல் கொள்கிறது. காப்பியம் ஓர் ஊரின் அழிவுக்குச் சொல்லும் காரணத் தொடர் இது. ஃபீஷ் ஊரார் தம் ஒழுக்கத்துக்கும் பனியாற்றுக்கும் இட்ட முடிச்சும் இத்தகையதே. இயற்பியல் கற்றவர் இரண்டையும் மூடநம்பிக்கை என்று தள்ளலாம். ஆனால், தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டியதற்கு மனிதரே காரணம் என்னும்போது, அறிவியலும் மனித நடத்தைக்கும் கடலுக்கும் முடிச்சிடுகிறது. வேறுபாடு, செய்தவரும் நுகர்பவரும் ஒருவர் அல்லர் என்பதில் உள்ளது. வினைக் கோட்பாடு அதனை ஏற்கத் தயங்கும். தீவில் வாழ்பவர் ஏற்காதிருக்க வழியில்லை.

யாழ்ப்பாணத் தீவகத்தைத் திரைக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் ஒன்று, ஒரு காற்றின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி, பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் 1978இல் வெளியான ‘வாடைக்காற்று’, பருவத்தோடு நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. செங்கை ஆழியான் என்ற க. குணராசா புவியியல் படித்தவர், புவியியல் நூல்கள் எழுதியவர் என்பது தற்செயலானதன்று. தீவக மக்களுக்குக் காலம் என்பது காற்று: வடகீழ்த் திசையின் வாடை, தென்மேற்கின் சோளகம், மேற்கின் கச்சான், கிழக்கின் கொண்டல். இப்பெயர்கள் எப்போது வலை வீசுவது, எப்போது வள்ளத்தைக் கரையேற்றுவது, எப்போது விதைப்பது என்பவற்றையெல்லாம் தம்முள் சுருட்டி வைத்திருக்கின்றன; ஒரு காற்று தன் மாதத்தில் வராதபோது முதலில் பழுதாவது அந்தச் சொல். இந்நாவலும் படமும் காலநிலை மாற்றத்தைப் பற்றியவை அல்ல. ஆயினும், எதிர்காலத்தில் ஒருவர் இத்தீவுகளின் பழைய காலநிலையைத் திரையில் மீட்க விரும்பினால், மகரந்தத்துக்கும் செய்மதிப் படத்துக்கும் முன்னர் அவர் தேட வேண்டியது, வாடை என்ற சொல்லை அக்கரையினர் எப்போது, எந்தக் குரலில் சொன்னார்கள் என்பதையே.

மணிமேகலை பீடிகையில் தன் பிறப்பை அறிந்தவுடன் கதை முடிந்துவிடவில்லை. வைகாசிப் பூரணையன்று அத்தீவின் கோமுகிப் பொய்கையிலிருந்து, அள்ளக் குறையாது உணவளிக்கும் அமுதசுரபி எழுந்து அவள் கைக்கு வருகிறது. அது ஆபுத்திரனின் பாத்திரம். பாண்டிநாடு பன்னிரண்டு ஆண்டு மழையின்றிக் கிடந்தபின் மழை மீண்டு, பசித்தவர் இல்லாது பாத்திரம் பயனற்றுப்போக, மழை பொய்த்த சாவகத்தை நாடிக் கப்பலேறிய அவன், காற்றின் மிகுதியால் கலம் நங்கூரமிட்ட மணிபல்லவத்தில் இறங்கி, கலம் அவனை விட்டுப் போய்விட, பாத்திரத்தைப் பொய்கையில் இட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான். வறட்சி, பெருமழை, வன்காற்று என ஒரு மனிதன் பட்ட காலநிலை முழுவதும் அந்தப் பாத்திரத்தோடு அவளுக்கு வந்து சேர்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதானம் இன்றும் அமுதசுரபி என்ற பெயரிலேயே நடக்கிறது.

பொய்கை நன்னீர்ப் பொய்கை என்பதைக் காப்பியம் சொல்லாமலே கொள்ள வேண்டியிருக்கிறது. சுண்ணக்கல் தீவுகளில் மழைநீர் நிலத்துள் இறங்கி, கீழுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் அது 1 மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மழை குறைந்தாலும், கடல் உயர்ந்தாலும், அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் வில்லை மெலிகிறது, கிணறு உவர்க்கிறது. தீவினர் காலநிலையைப் புலனால் அறியும் இடம் ஒன்று உண்டாயின் அது நாக்கு. வாளி கிணற்றுள் இறங்குவதையும், கயிறு நனைந்து மேலே வருவதையும், நீர் வெயிலில் மின்னுவதையும் திரை காட்டும். அது நல்ல தண்ணியா உவர்த் தண்ணியா என்பதை, அள்ளிய பெண் குடித்துப் பார்த்துச் சொல்லும்வரை, திரைக்கும் தெரியாது, எதிரே இருளில் அமர்ந்திருப்பவர்க்கும் தெரியாது.